ஃபைட்டர் மீனுக்கு மேசைத் தொட்டி: மீனைக் கடைசியில் வாங்குங்கள்

செங்கோட்டையில் பத்திரம் எழுதும் சின்ன அலுவலகம் என்னுடையது. மேசையின் இடது ஓரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் நீலமும் சிவப்புமாக ஒரே ஒரு ஃபைட்டர் மீன். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால், பழைய மலையாளப் பத்திரங்களைப் பைக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. நான் ஒவ்வொரு வரியாகப் படித்து முடிக்கும் வரை அவர்களுக்குப் பொழுதுபோக்கு அந்த மீன்தான். கேரளத்து ஆரியங்காவுப் பக்கத்துக்காரர்கள் "இது ஃபைட்டர் அல்லே?" என்று குனிவார்கள். நம்ம ஊர்க்காரர்கள் நேரடியாக, "எங்க வாங்கினீங்க அண்ணாச்சி? எவ்வளவு?" என்பார்கள்.

எங்கே வாங்கினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். எப்போது வாங்கினேன் என்பதுதான் முக்கியம். தொட்டி வைத்து முப்பத்தைந்தாம் நாள் வாங்கினேன். அதற்கு முந்தைய மீனைத் தொட்டி வாங்கிய அன்றே வாங்கினேன். அது ஒன்பது நாள் இருந்தது.

அந்த முதல் மீன் இருந்தது உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில். இரண்டு லிட்டர் பிடிக்கும். அடியில் கலர் கல், நடுவில் பிளாஸ்டிக் செடி. "ஃபைட்டருக்கு ஒரு டம்ளர் தண்ணி போதும் அண்ணாச்சி, ஆக்சிஜன்கூட வேண்டாம்" என்று விற்றவர் சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் நிறையப் பேர் மீனைச் சாகக் கொடுக்கிறோம். அதனால் அதை முதலில் தீர்த்துவிடலாம்.

ஃபைட்டருக்கு செவுள் போக, தலைக்குள் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக இன்னொரு உறுப்பு உண்டு. மேலே வந்து வாயால் காற்றை ஒரு மடக்கு விழுங்கி, அதிலிருந்தும் மூச்சு எடுத்துக்கொள்ளும். நம் வயல் வாய்க்காலில் இருக்கும் பனையேறிக் கெண்டையும் இந்த வகையறாதான். மழை பெய்தால் குளத்தை விட்டுத் தரையில் ஏறி நகர்வதைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். ஆக, தண்ணீரில் பிராணவாயு குறைந்தாலும் ஃபைட்டர் சமாளிக்கும் என்பது சரி. ஆனால் அழுக்கைச் சமாளிக்காது. மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியே விடுகிறது. தின்னாமல் விட்ட தீனி, எச்சம் எல்லாம் அழுகி அம்மோனியா ஆகிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் அது ஒரே நாளில் சேர்ந்துவிடும். கடையில் அந்தக் குட்டி டப்பாவில் உயிரோடு இருக்கிறதே என்றால், அது அங்கே தங்குவது சில நாள். தினமும் தண்ணீர் மாற்றுவார்கள், தீனியும் குறைவாகவே போடுவார்கள்.

இன்னொரு வாதம், இது தாய்லாந்தில் நெல்வயலில் வாழும் மீன், சேற்றுக் குழியே போதும் என்பது. (தாய்லாந்து 2019இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்திருக்கிறது.) நெல்வயல் ஆழம் குறைவுதான். ஆனால் புளியரைப் பக்கம் நிறைந்து கிடக்கும் ஒரு வயலை வரப்பில் நின்று பாருங்கள். ஒரு சாண் தண்ணீர், ஒரு ஏக்கர் அகலம். அதை டம்ளரோடு ஒப்பிடுவது எந்தக் கணக்கு?

தொட்டி

என் தொட்டி 12 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 10 அங்குல உயரம். முழுக்க நிரப்பினால் 20 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மேலே ஓர் அங்குலம் விட்டால் 17, 18 லிட்டர். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதற்குக் கீழே போக வேண்டாம் என்பேன். 10 லிட்டரிலும் வளர்க்கலாம், ஆனால் தண்ணீர் குறையக் குறைய ஒரு சின்னத் தவறுகூட உடனே மீன் மேல் விழும். சின்னத் தொட்டி சுலபம் என்று நினைப்பது தலைகீழ்க் கணக்கு. உயரத்தைவிட நீளம் முக்கியம்: நீண்ட வாலை இழுத்துக்கொண்டு காற்றுக்காக மேலே ஏறி இறங்குகிற மீனுக்கு ஆழம் சிரமம்.

பிராண்ட் தொட்டி வேண்டாம். கண்ணாடிக் கடையில் அளவு சொன்னால் வெட்டி சிலிக்கான் வைத்து ஒட்டித் தருவார்கள். ஒட்டிய புதிதில் வினிகர் வாடை அடிக்கும். அந்த வாடை போகும் வரை, எப்படியும் இரண்டு நாள், தண்ணீர் ஊற்றக் கூடாது. அப்புறம் நேரே மேசைக்குக் கொண்டு போகாதீர்கள். தரையில் பழைய நியூஸ் பேப்பரை விரித்து, அதன் மேல் தொட்டியை வைத்து, நிரப்பி, ஒரு ராத்திரி விடுங்கள். கசிவு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பேப்பரில் கறுத்த கோடாகத் தெரிந்துவிடும்.

மேசையைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து 25 கிலோ வரை வரும். அரிசி மூட்டை ஒன்றை அந்த இடத்தில் நிரந்தரமாக வைத்தால் மேசை தாங்குமா என்று யோசித்துப் பாருங்கள். தாங்குமென்றால், அடியில் தெர்மகோல் ஷீட் ஒன்று போட்டு வையுங்கள். மேசையின் மேடுபள்ளம் கண்ணாடியை உடைக்காது. ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் ஆகாது, பாசி பிடிக்கும், தண்ணீர் கொதிக்கும். அதிர்ந்துகொண்டே இருக்கும் பிரிண்டர் பக்கமும் வேண்டாம்.

மூடி கட்டாயம். ஃபைட்டர் துள்ளும், அதுவும் ராத்திரியில். அதே சமயம் காற்று புகாமல் மூடிவிடவும் கூடாது. மேலே விடுகிற அந்த ஓர் அங்குலக் காற்றுதான் அதன் மூச்சு.

உள்ளே போவதும் பக்கத்தில் நிற்பதும்

அடியில் ஒன்றரை அங்குலம் கல். கூர்முனை இல்லாத சின்னக் கூழாங்கல் போதும். வாளியில் போட்டு அரிசி களைவதுபோலக் களைந்து, கழுநீர் தெளியும் வரை கழுவுங்கள். எனக்குப் பதினோரு தடவை ஆனது. ஒரு கல்லில் வினிகரைச் சொட்டிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரைக் கடினமாக்கும், வேண்டாம். சிப்பி, சங்கு போன்ற அலங்காரங்களும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

பிளாஸ்டிக் செடியை அந்தக் கிண்ணத்தோடு விட்டுவிட்டேன். ஃபைட்டரின் வால் மெல்லிய பட்டுத்துணி மாதிரி. பழைய நைலான் துணியைச் செடி மேல் இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் வாலும் மாட்டும். உயிர்ச்செடியில் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டும் சோம்பேறிகளுக்கென்றே படைக்கப்பட்டவை. மண்ணில் புதைக்க வேண்டாம், புதைத்தால் தண்டு அழுகும். கல்லில் நூலால் கட்டி வைத்தால் வேரே பிடித்துக்கொள்ளும். தண்ணீர் மட்டத்துக்கு அருகே அகலமான இலை ஒன்று வரும்படி வையுங்கள், மீன் அதன் மேல் சாய்ந்து படுக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்று பதறுவார்கள். என் அக்கா மகள் "மாமா, மீன் மெத்தையில தூங்குது" என்றாள். அதுதான் சரியான விளக்கம். ஒளிந்துகொள்ள ஒரு சின்ன மண்கலயம், விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிட்டு.

விளக்கு, எல்.இ.டி ஏதாவது ஒன்று, ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம். அதற்கு மேல் எரிந்தால் செடியைவிடப் பாசிதான் குஷியாக வளரும்.

ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒரு சின்ன ஏர் பம்பும் போதும். குழாய்க்குள் காற்றுக் குமிழ் மேலே ஏறும்போது தண்ணீரையும் கூடவே இழுக்கும். அந்தத் தண்ணீர் ஸ்பாஞ்ச் வழியாக வந்தாக வேண்டும். குப்பை அங்கே தங்கும் என்பது சின்ன விஷயம். பெரிய விஷயம், ஸ்பாஞ்சின் ஓட்டைகளில்தான் நமக்கு வேண்டிய பாக்டீரியா குடியேறும். ஃபைட்டர் நீரோட்டத்தை வெறுக்கும் மீன், அதனால் குமிழை மெதுவாக வையுங்கள். பம்போடு காற்றைக் குறைக்கும் சின்ன வால்வு கிடைக்கும்.

இன்னொரு வால்வும் வாங்குங்கள், அதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். செக் வால்வு என்று பெயர், விலை டீ செலவுதான். நான் வாங்கவில்லை. ஏர் பம்பை மேசைக்குக் கீழே, தொட்டியைவிடத் தாழ்வாக வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் கரண்ட் போனது. காற்று நின்றதும் தொட்டித் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகவே பின்னோக்கி இறங்கி, பம்பை நிறைத்து, அதிலிருந்து சொட்டி, கீழ் டிராயரில் இருந்த முத்திரைத்தாள்களுக்குள் போய்விட்டது. மறுநாள் பதிவுக்குப் போக வேண்டிய கிரயம். மின்விசிறிக்குக் கீழே காய வைத்த தாள்கள் அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்ததைக் கட்சிக்காரர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. செக் வால்வு காற்றை ஒரு பக்கம்தான் விடும், தண்ணீரைத் திரும்ப விடாது. அல்லது பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். இரண்டும் செய்தால் நிம்மதி. வயர் எல்லாம் பிளக்குக்கு வருமுன் ஒரு தடவை கீழே தொங்கி மேலேறும்படி வையுங்கள். வழிந்து வரும் துளி பிளக்குக்குள் போகாமல் அங்கேயே கீழே சொட்டிவிடும்.

சீசன் குளிர்

ஃபைட்டருக்குப் பிடித்தது 24இலிருந்து 28 டிகிரி. 26, 27இல் இருந்தால் உற்சாகமாக இருக்கும். சென்னைக்காரர் எழுதிய குறிப்பில் "நம் ஊருக்கு ஹீட்டர் தேவையில்லை" என்று இருந்தால் அது அவர் ஊருக்குச் சரி. எங்களுக்கு ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் அடிக்கும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சொர்க்கம். என் தொட்டியில் ஜூலைக் காலை எட்டு மணிக்குத் தெர்மாமீட்டர் 22 காட்டியது. மீன் மூலையில், வாலை மடக்கிக்கொண்டு, தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றது. நோய் என்று மருந்து தேடினேன். நோயும் இல்லை ஒன்றும் இல்லை, குளிர். குமுளி, மூணாறு, வால்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது சீசன் கதை மட்டுமே அல்ல, பாதி வருஷக் கதை.

20 லிட்டருக்கு 25 வாட் ஹீட்டர் போதும். தெர்மோஸ்டாட் உள்ளதாக வாங்குங்கள், 26இல் வைத்தால் தானே அணைந்து எரியும். அப்படியும் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வேண்டும், ஹீட்டரின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்ப முடியாது. தண்ணீரை எடுப்பதற்குக் கால்மணி நேரம் முன்பே ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீருக்கு வெளியே வந்தால் அதன் கண்ணாடி வெடிக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் எதிர்ப் பிரச்சினை. தண்ணீர் 31, 32 போகும். மூடியைக் கொசுவலைத் துணியாக மாற்றி, மட்டத்தின் மேல் சின்ன மின்விசிறிக் காற்று படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள். திடீர் இறக்கம் சூட்டைவிடக் கெடுதல்.

தண்ணீர்

நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாய் அகன்ற வாளியில் 24 மணி நேரம் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று கேளுங்கள். புட்டியில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் பூமிக்குள்ளிருந்து வரும்போது கரிமிலவாயு நிறைந்தும் பிராணவாயு குறைந்தும் வரும். வாளியில் பிடித்து ஒரு ராத்திரி ஏர் பம்ப் ஓடவிட்டால் சரியாகும். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விழும் அளவுக்கு உப்பான போர் என்றால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ தண்ணீர் கலக்கலாம். வெறும் ஆர்.ஓ தண்ணீரில் மட்டும் விடாதீர்கள், மீனுக்கு வேண்டிய தாதுக்களே அதில் இருக்காது.

காய்ந்து தானே உதிர்ந்த பாதாம் இலை ஒன்று. பாதாம் பருப்பு மரம் இல்லை, பள்ளிக்கூட வாசல்களில் குடை மாதிரி நிற்கும் நாட்டு வாதுமை. மலையாளத்தில் தல்லிமரம் என்பார்கள். இதன் இலையைக் கழுவிப் போட்டால் மெல்லத் துவர்ப்புச் சத்து இறங்கி, தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு வரும், கொஞ்சம் அமிலமாகும், பூஞ்சை குறையும். ஃபைட்டரின் சொந்த ஊர்த் தண்ணீரும் அந்த நிறம்தான். மருந்தடித்த தோட்டத்து இலையும் ரோட்டுப் புழுதி படிந்த இலையும் வேண்டாம். பச்சை இலையும் வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் இலை நரம்பாகிவிடும், எடுத்துவிட்டு வேறு போடுங்கள். கடையில் இதைப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள் என்று சொன்னால் எங்கள் தெருப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

மீன் இல்லாத ஐந்து வாரம்

இனிதான் யாரும் காத்திருக்காத இடம். தொட்டி தயார், செடி ஆடுகிறது, குமிழ் ஏறுகிறது, தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. மீன் மட்டும்தான் பாக்கி என்று தோன்றும். அந்தப் பளிங்குத் தண்ணீர்தான் என் முதல் மீனைக் கொன்றது.

அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்கும் ஒரு கூட்டம் பாக்டீரியா உண்டு. நைட்ரைட்டும் விஷம்தான். அதைத் தின்று நைட்ரேட் ஆக்கும் இன்னொரு கூட்டம் உண்டு. நைட்ரேட் ஓரளவு வரை தொந்தரவு தராது, செடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை வாராவாரம் தண்ணீரோடு நாம் எடுத்து ஊற்றிவிடுவோம். இந்த இரண்டு கூட்டமும் புதுத் தொட்டியில் கிடையாது. தானே வந்து பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். பால் உறை குத்தியவுடனே தயிர் கேட்டால் எப்படி?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஃபில்டரையும் ஹீட்டரையும் ஓடவிட்டு, தண்ணீரை 27, 28இல் வைத்து, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் பொடித்துப் போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும், பாக்டீரியாவுக்கு அதுவே சாப்பாடு. முதல் வாரத்தில் தண்ணீர் கஞ்சி வடித்த மாதிரி கலங்கலாம். பயந்து தொட்டியைக் கழுவிவிடாதீர்கள், கழுவினால் முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். சொட்டு மருந்து ஊற்றி நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என் நோட்டில் இருக்கும் கணக்கு: எட்டாம் நாள் அம்மோனியா ஏறியது, பதினேழாம் நாள் அது இறங்க ஆரம்பித்து நைட்ரைட் ஏறியது, முப்பத்து மூன்றாம் நாள் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் இருந்தது. தீனி போட்டும் அடுத்த நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகவே நின்றால் தொட்டி பழுத்துவிட்டது என்று அர்த்தம். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கக் கிளம்பலாம்.

இதற்குக் குறுக்குவழி ஒன்று உண்டு, நேர்மையான குறுக்குவழி. வெகுநாளாக, நோயில்லாமல் மீன் வளர்க்கும் ஒருவரிடம் போய் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரையோ, ஸ்பாஞ்சில் ஒரு துண்டையோ வாங்கி வாருங்கள். உறைமோர் வாங்கி வருவதுபோலத்தான். ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும்.

ஏற்கெனவே மீனை வாங்கிவிட்டீர்களா? சரி, திட்டவில்லை. தீனியைப் பாதியாக்குங்கள், தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், ஆன்டி குளோரின் போட்ட தண்ணீராக இருக்கட்டும். ஒரு மாதம் இப்படி ஓட்டினால் பிழைக்க வழி இருக்கிறது.

மீன்

கேரளத்துப் புனலூரில் வாங்கினேன். மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை முழுசாகத் திறந்த 2018க்குப் பிறகு புனலூர் போய்வருவது எங்களுக்குச் சுலபமாகிவிட்டது. வரிசையாக டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மீன். வாலை வைத்து வகை சொல்வார்கள்: தாழ்ந்து தொங்குவது வெயில் டெயில், அரைவட்டமாக விசிறி விரிப்பது ஹாஃப்மூன், நுனி கிரீடம்போலப் பிரிந்தது கிரவுன் டெயில், குட்டை வால் பிளகாட். அழகுக்கு ஹாஃப்மூன், ஆனால் அவ்வளவு பெரிய வாலைச் சுமந்து நீந்துவது அதற்கே பாரம், கிழியவும் செய்யும். முதல் மீனுக்கு நான் பிளகாட்டையோ வெயில் டெயிலையோதான் சொல்வேன்.

டப்பாவுக்கு அருகே விரலைக் கொண்டு போங்கள். திரும்பிப் பார்க்க வேண்டும், முடிந்தால் செவுளை விரித்து முறைக்க வேண்டும். துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்திருப்பது, உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி, ஒட்டிய வயிறு, புகை படிந்த கண் இதில் எது இருந்தாலும் பரிதாபப்பட்டு வாங்காதீர்கள். ஒரு தீனி போடச் சொல்லிப் பாருங்கள், தின்றால் வாங்கலாம். வயதையும் கேளுங்கள். கடைக்கு வரும் ஆண் மீன் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேலேயே இருக்கும். மொத்த ஆயுளே இரண்டிலிருந்து நாலு வருஷம்தான்.

ஒன்றே ஒன்று வாங்குங்கள். இரண்டு ஆணை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று சாகும் வரை அல்லது கந்தலாகும் வரை விடாது, பெயரே அதனால்தான் வந்தது. துணைக்கு இருக்கட்டும் என்று பெண்ணையும் விடாதீர்கள், அதற்கும் அடி விழும். பெரிய வால் கப்பி மீனை இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துத் தாக்கும். இந்தத் தொட்டிக்கு ஒரு நத்தை போதும்.

ரயிலில் வரும்போது மீன் பையில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர், மிச்சம் காற்று. அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பதிமூன்று கண் பாலம் வந்தபோது பெட்டியே ஜன்னல் பக்கம் சாய்ந்தது, நான் மட்டும் பையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணையுங்கள். பையை மூடியபடியே இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள், சூடு சமமாகும். பிறகு வாயைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டித் தண்ணீரில் அரை டம்ளர் உள்ளே விடுங்கள். ஐந்தாறு தடவைக்குப் பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது, வியாதி அதில்தான் வரும். முதல் இரண்டு நாள் தின்னாது, மூலையில் நிற்கும். விட்டுவிடுங்கள்.

தீனி

ஃபைட்டரின் வயிறு ஏறத்தாழ அதன் கண் அளவு. இதை நினைவில் வைத்தால் அதிகம் போட மாட்டீர்கள். ஃபைட்டருக்கென்று விற்கும் பெல்லட் என்ற உருண்டைத் தீனியில் காலை இரண்டு மூன்று, மாலை இரண்டு மூன்று. வாரத்தில் ஒரு நாள் பட்டினி. மேலே வந்து கெஞ்சும், எப்போதும் கெஞ்சும், நம்பாதீர்கள். மூன்று நிமிடத்தில் தின்னாததைப் பழைய இங்க் ஃபில்லரால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். கொசுப்புழு கிடைத்தால் திருவிழாதான். ஆனால் சாக்கடைப் புழு வேண்டாம்; மொட்டை மாடி வாளியில் பிடித்த புழுவை வடிகட்டி, எத்தனை தின்னுமோ அத்தனை மட்டும். மிச்சத்தை விட்டுவைத்தால் கொசுவை நாமே வளர்த்த மாதிரி ஆகும்.

மூன்று நாள் ஊருக்குப் போனால் தீனியே போட வேண்டாம், ஒன்றும் ஆகாது. நான் ஒரு தடவை அலுவலகப் பையனிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனேன். பாசத்தில் அவன் போட்ட தீனி நான் திரும்பி வரும்போது பஞ்சுபோல் பூத்துக் கிடந்தது. இப்போது டப்பாவைப் பூட்டிவிட்டுத்தான் போகிறேன்.

வாராவாரம்

ஞாயிற்றுக்கிழமை கால் பங்கு, அதாவது நாலைந்து லிட்டர். டியூபால் அடிக்கல்லிலிருந்து அழுக்கோடு உறிஞ்சி எடுங்கள். முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரை, சூடு பார்த்து, ஒரு தட்டின் மேல் விழும்படி மெதுவாக ஊற்றுங்கள். வாளி மீனுக்கென்றே தனியாக இருக்க வேண்டும், சோப்புப் பட்ட வாளி வேண்டாம். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்புவது தண்ணீர் மாற்றியதாக ஆகாது. ஆவி போகும்போது அழுக்கு கூடப் போவதில்லை, உள்ளேயே தங்குகிறது.

ஸ்பாஞ்சை மாதத்துக்கு ஒரு தடவை, தொட்டியிலிருந்து எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவினால் குளோரின் ஐந்து வார உழைப்பை ஐந்து நிமிடத்தில் கொன்றுவிடும். தொட்டி முழுவதையும் காலி செய்து கழுவுகிற பழக்கம் நம் ஊரில் நிறைய. தயவுசெய்து வேண்டாம்.

மட்டத்தில் நுரைக்கூடு கட்டினால் சந்தோஷப்படலாம், ஆண் மீன் வளர்ந்து தெம்பாக இருக்கிறது. கட்டாவிட்டால் கவலையும் வேண்டாம். வால் நுனி கறுத்து அரிபட்டால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், பத்தில் எட்டு தடவை விடை அங்கேயே இருக்கும். வெள்ளைப் புள்ளி வந்தால் சூட்டை ஒரு நாளைக்கு ஒரு டிகிரி வீதம் 30 வரை ஏற்றி, கடையில் அதற்கான மருந்து கேட்டு, தொட்டியில் நத்தை இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். வயிறு உப்பினால் இரண்டு நாள் பட்டினி. உப்பிய வயிற்றோடு செதில்கள் பலாப்பழத் தோல்போல் சிலிர்த்து நின்றால் அது உள்ளுறுப்பு நோய், பெரும்பாலும் பிழைப்பதில்லை.

வளர்க்க முடியாமல் போனால் குண்டாறு அணையிலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விடாதீர்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் சாலக்குடி ஆற்றில், வளர்க்கும் இடங்களிலிருந்து தப்பிய தென்னமெரிக்க அரபைமா மீன்கள் வலையில் மாட்டின. ஃபைட்டர் அவ்வளவு பெரிய மீன் இல்லைதான், ஆனால் அது கொண்டுபோகும் வியாதி நம் கெண்டைக்குப் புதிது. தொட்டி, ஸ்பாஞ்ச், ஹீட்டர் எல்லாவற்றோடும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். எனக்கு முதலில் உறைமோர் ஸ்பாஞ்ச் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. இப்போது செங்கோட்டைப் பக்கம் யாராவது கேட்டால் பிழிந்து தருகிறேன், பாட்டில் மட்டும் கொண்டு வாருங்கள்.